கழற்றி வைத்த கிளாம்ப்

பென்னாகரத்தில் பஸ் ஏறிய அம்மாள் உட்கார்ந்ததும் உட்காராததுமாக மாதேஸ்வரனின் இடது கையைக் கவனித்துவிட்டாள். ஆள்காட்டி விரலில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. அந்த விரல் ஒரு கணு குறைவு என்பதைத் துணி மறைக்கவில்லை, எடுத்துத்தான் காட்டியது. கைக்கு என்ன ஆயிற்று என்று அவள் கேட்டது அவனிடம். பதில் சொன்னது அவனுடைய அக்கா முனியம்மாள். முன்சீட்டிலிருந்து உடம்பு முழுவதையும் திருப்பிக்கொண்டு, தம்பி கடத்தூரில் மரப்பட்டறை வைத்திருப்பதில் ஆரம்பித்து, ரம்ப மெஷினுக்குப் பக்கத்திலேயே கை போகாதபடி அவனே ஒரு கருவி செய்து வைத்திருப்பதைச் சொல்லி, அப்பேர்ப்பட்டவனுக்கே விரல் போயிற்றே என்று பெருமூச்சு விட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். முனியம்மாள் குரலைத் தாழ்த்தினால் பாதி பஸ்ஸுக்குத்தான் கேட்கும்.

"ஆயுத பூஜை அன்னிக்கு இவ வூட்டுக்குத் தூரமா இருந்திருக்கிறா. யாருகிட்டயும் சொல்லாம மெஷினுக்குப் பொட்டு வச்சு சூடமும் காட்டிட்டா. மறுநாளே சாமி காட்டிருச்சு."

'இவள்' என்பது அவளுக்குப் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கோகிலவாணி, மாதேஸ்வரனின் மனைவி. அவள் திரும்பவில்லை. வெளியே ஓடும் புளிய மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். நீளமான முடி அவளுக்கு. காலையில் தலைக்குக் குளித்துவிட்டு நுனியில் முடிச்சுப் போட்டிருந்தாள். இன்று ஒகேனக்கல்லில் அதை இறக்கப் போகிறார்கள். மொட்டை போட்டு ஆற்றில் முங்கி எழுந்தால் தோஷம் கழிந்துவிடும் என்று முனியம்மாள் வேண்டிக்கொண்டிருந்தாள், கோகிலவாணியும் சரி என்றிருந்தாள். பின்சீட்டில் மாதேஸ்வரனுக்குக் காது மடல் சுட்டது. அக்கா தனக்குத் தெரிந்ததைத்தான் சொல்கிறாள். தெரியாததெல்லாம் அவனிடம் அல்லவா இருந்தது.

அந்தக் கருவிக்கு அவன் வைத்திருந்த பெயர் வண்டி. பெங்களூரில் அவன் வேலை பார்த்த பட்டறையில் அது மாதிரி ஒன்று இரும்பில் இருந்தது. ஊருக்கு வந்து சொந்தப் பட்டறை போட்டதும் அதை மரத்திலேயே செய்து பார்த்தான். அவனுக்கு அதிகம் வரும் வேலை பூஜை மாடம். மாடம் என்றால் கோபுரம் வேண்டும், கோபுரம் என்றால் அடுக்கடுக்காகச் சாய்வெட்டு வேண்டும், ஒரு நூல் பிசகினாலும் மூலை வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். கனமான பிளைவுட் பலகை ஒன்றை எடுத்தான். மெஷின் மேஜையில் உள்ள காடிப் பள்ளத்துக்குள் ஆடாமல் ஓடும்படி ஒரு ரீப்பர் கட்டையை இழைத்து அதன் அடியில் பொருத்தினான். மேலே இரண்டு சட்டங்கள், திறந்த கத்தரிக்கோல் மாதிரி, நாற்பத்தைந்து டிகிரிச் சாய்வில். மூலைமட்டம் வைத்துப் பார்ப்பதும், அறுத்துச் சேர்த்துப் பார்ப்பதும், திரும்பவும் கழற்றுவதுமாக அந்தச் சட்டங்களோடு ஒரு வாரம் மல்லுக்கட்டினான். மரத்தைச் சட்டத்தோடு அழுத்திப் பிடிக்க ஒரு கிளாம்ப், தள்ளுவதற்குக் கைப்பிடிகள். பிளேடு பின்பக்கம் வெளியே வருகிற இடத்தில் கட்டைவிரல் போய் நிற்கக் கூடாது என்று ஒரு மரப்பெட்டி அடித்தான். கை போகக் கூடாத இடம் முழுக்கச் சிவப்புப் பெயின்ட் பூசினான். முதல் கோபுரத்தை அடுக்கியபோது மூலைக்குள் காகிதம்கூட நுழையவில்லை. அன்றைக்கு அவனைக் கையில் பிடிக்க முடியவில்லை.

சுற்றுவட்டார மர வேலைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தொப்பூர் சின்னராஜ் செல்போனில் படம் பிடித்துப் போய் அதே மாதிரி ஒன்று செய்துகொண்டான். சாய்வாக அறுக்கும்போது மரம் சும்மா நிற்காது, பிளேடு தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், கிளாம்ப் போடாமல் மெஷினை ஆன் பண்ணுகிறவன் முட்டாள் என்று மாதேஸ்வரன் எல்லோருக்கும் வகுப்பெடுத்தான்.

அந்த முட்டாள் வேறு யாரும் இல்லை. ஆடி முடிந்து ஆர்டர் குவிந்தபோது, தம்மாத்தூண்டு துண்டுக்கெல்லாம் கிளாம்பைத் திருகுவதும் கழற்றுவதும் அவனுக்கு எரிச்சலாக இருந்தது. ஒருநாள் கழற்றி ஆணியில் மாட்டினான். அன்று ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாத ஒவ்வொரு நாளும் அவனுக்குத் தைரியம் கொடுத்தது. வெளிக்கொட்டகையில் உட்கார்ந்து உப்புத்தாள் தேய்க்கும் கோகிலவாணி, மெஷின் சத்தம் கேட்கும்போதெல்லாம் "கிளாம்பு போட்டீங்களா?" என்று குரல் கொடுப்பாள். போட்டுவிட்டேன் என்று உள்ளேயிருந்தே கத்துவான். விஜயதசமி அன்று நாலு விரல் அகலத் துண்டு ஒன்று கைக்குள் திரும்பி, விரலையும் தன்னோடு கூட்டிக்கொண்டு போயிற்று.

அதுகூடப் போகட்டும். முந்தின நாள் காலையில், பூஜைக்கு முன்னால், கோகிலவாணி அவனைத் தனியாகக் கூப்பிட்டுத் தன் நிலைமையைச் சொன்னாள். அண்ணியை வரச்சொல்லிச் செய்யச் சொல்லலாமா என்று கேட்டாள். வாழைக்கன்று கட்டியாயிற்று, சுண்டல் தாளித்தாயிற்று. அக்கா வந்தால் நூறு கேள்வி கேட்பாள். இந்தக் காலத்தில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள், நீயே செய், நான் சொல்கிறேன் என்றான். சொன்னபோது தன்னை நினைத்து அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஆஸ்பத்திரியில் அந்தப் பெருமை எங்கே போய் ஒளிந்துகொண்டதோ தெரியவில்லை. மறுநாள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, பூஜை செய்தது யார், சுத்தபத்தமாகத்தான் செய்தாயா என்று முனியம்மாள் விசாரித்தாள். பார்க்க வந்த சின்னராஜும் நின்றுகொண்டிருந்தான். கோகிலவாணி புருஷன் முகத்தைப் பார்த்தாள். புருஷன் குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்தான். தூரமாகத்தான் இருந்தேன், தப்புதான் அண்ணி என்று அவள் சொன்னாள். யார் செய்யச் சொன்னது என்பதைச் சொல்லவில்லை. சின்னராஜ் வரும் வழியில் பட்டறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தான். வண்டியில் கிளாம்ப் இருந்ததாம். கிளாம்ப் போட்டும் விரல் எப்படிப் போயிற்று என்று அதுவரை குழம்பியவன், தீட்டுதான் காரணம் என்று தலையை ஆட்டினான். ஆணியில் தொங்கிய கிளாம்ப் வண்டிக்கு எப்படி வந்தது என்று மாதேஸ்வரனுக்கு விளங்கவில்லை. கேட்கவும் இல்லை. முட்டாள் என்ற பெயரிலிருந்து தப்பித்தால் போதும் என்று இருந்தது. எவ்வளவு அற்பன் நான் என்று அப்போதே தெரிந்தது, தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தான்.

ஒகேனக்கல்லில் தண்ணீர் நிறைய வந்துகொண்டிருந்தது. பரிசல்களைத் தலையில் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு ஆட்கள் போனார்கள். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிட்டார்கள். மொட்டை போடுகிறவரைத் தேடி முனியம்மாள் கீழ்ப்படிக்கு இறங்கிப் போனாள். இவர்கள் இருவரும் துணிப்பையோடு படியில் உட்கார்ந்தார்கள். கோகிலவாணி முடிச்சை அவிழ்த்து முடியை முன்பக்கம் போட்டு விரலால் கோதிக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்க முடியவில்லை அவனுக்கு.

"கோகிலா, அன்னிக்கு நான் கிளாம்பு போடல. ஆடி முடிஞ்சதுல இருந்தே போடல" என்றான்.

"தெரியும்."

அவன் நிமிர்ந்தான். அவள் கோதுவதை நிறுத்தவில்லை.

"ஆஸ்பத்திரியில இருந்து துணி எடுக்க வூட்டுக்கு வந்தன்ல, அப்ப பட்டறையில ரத்தத்தக் கழுவுனது நான்தானுங்க. ஆணியில தொங்கிட்டு இருந்துச்சு. நாலு பேரு வந்து பாப்பாங்கன்னு எடுத்து வண்டியில மாட்டி வச்சேன்."

அப்புறம் எதற்கு மொட்டை என்று கேட்டான். கேட்டது அவனுக்கே அசிங்கமாக இருந்தது. சாமி விஷயம், எனக்கும் உள்ளுக்குள் பயமாகத்தான் இருக்கிறது, ஒருவேளை நிஜமாகவே என்னால்தானோ என்னமோ என்றாள். முடியைப் பற்றித் தனக்கு ஒன்றும் இல்லை, அது வளரும் என்றாள். பிறகு கீழே அக்கா நின்ற பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"கிளாம்பு விஷயம் யாருக்கும் தெரிய வேணாம். பூஜைய நீங்கதான் செய்யச் சொன்னீங்கன்னு அண்ணிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் திருட்டுத்தனமா பண்ணலன்னு தெரிஞ்சா போதும்."

இவ்வளவுதான் அவள் கேட்டது. இதைச் சொல்லத்தான் இத்தனை நாளாக அவனுக்கு நாக்கு எழவில்லை.

அவன் எழுந்து கீழே போனான். முனியம்மாள் ஒரு நாவிதரைப் பிடித்துப் பேசி முடித்து, சொம்பில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். பக்கத்தில் வேண்டுதலுக்கு வந்த குடும்பம் ஒன்று ஈரத் துணியோடு நின்றது. அவன் நிறுத்தாமல் சொன்னான், நிறுத்தினால் திரும்பச் சொல்ல வராது என்று பயந்து. பூஜையைச் செய்யச் சொன்னது நான்தான். அவள் உன்னைக் கூப்பிடலாம் என்றாள், நான்தான் வேண்டாம் என்றேன். விரல் போனதும் என்னால்தான், சோம்பேறித்தனத்தில் கிளாம்பைக் கழற்றி வைத்திருந்தேன். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை.

முனியம்மாள் சொம்பைக் கீழே வைத்தாள். அவன் முகத்தையே பார்த்தாள். கண் கலங்கியது அவளுக்கு. ஈரக்கையால் அவன் கன்னத்தைத் தடவினாள்.

"சின்னராஜு கண்ணால பாத்துட்டு வந்து சொல்லியிருக்கிறான், நீ எங்கிட்டயே கதை சொல்றியாடா? பொண்டாட்டி மொட்டை போடறது மனசு தாங்கல உனக்கு."

நிஜமாகத்தான் அக்கா என்றான். போடா என்று அவள் அழுதுகொண்டே சிரித்தாள். செத்துப்போன அப்பாவுக்கும் இதே குணம்தானாம், அடுத்தவர் செய்த குற்றத்தைத் தன் மேல் போட்டுக்கொள்வாராம். பக்கத்தில் நின்ற குடும்பத்தைப் பார்த்து, என் தம்பி மாதிரி ஒரு புருஷன் கிடைக்க இவள் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றாள். அந்தப் பெண்கள் அவனுடைய கட்டுப்போட்ட கையையும் முகத்தையும் மரியாதையோடு பார்த்தார்கள். அந்தப் பார்வை அவனுக்கு இதமாக இருந்தது. ஒரு நொடிதான், ஆனால் இருந்தது. ஆற்றில் விழுந்து செத்துப்போகலாம் போல அவமானம் பொங்கியது. இன்னொரு முறை சொல்ல வாயைத் திறந்தான். சொன்னால் இன்னும் நல்லவனாகிவிடுவான்.

அதற்குள் கோகிலவாணி படி இறங்கி வந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அண்ணி சொல்வதற்கு முன்னால் அவளே மணைக்கட்டையில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டாள். முனியம்மாள் தண்ணீரை ஊற்றினாள். நாவிதர் கத்தியை உச்சியில் வைத்துவிட்டு எடுத்தார், மறுபடியும் வைத்தார்.

"தலை ஆடுதுங்க. யாராச்சும் புடிச்சுக்குங்க."

"நீ போய்ப் புடிடா" என்று முனியம்மாள் அவனைத் தள்ளினாள்.

மாதேஸ்வரன் அவளுக்கு எதிரே தண்ணீரில் மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் அவள் தலையைப் பிடித்தான். தண்ணீரில் நனைந்த விரல் கட்டு எரிந்தது. அவள் நடுக்கம் உள்ளங்கைகளுக்குள் வந்தது. கண்ணை மூடியிருந்தாள். கத்தி இறங்கிய இடத்தில் வெயிலே படாத வெளுத்த தோல் தெரிந்தது. ஈர முடி கற்றை கற்றையாக அவன் மணிக்கட்டில் விழுந்து ஒட்டிக்கொண்டது.