வாசலோடு திரும்பியவர்கள்

அன்று பிரசன்னா ஆபீசுக்கு லட்டு வாங்கி வந்திருந்தான். ஒரு டீக்கே மூக்கால் அழுகிற முதலாளி அவன். மாதாப்பூரில் அந்தச் சின்ன ஆபீசே மூக்கில் விரல் வைத்தது.

லட்டு கனகவல்லிக்காக. ராமச்சந்திராபுரத்தில் பதினேழு வருஷமாகக் கணக்கு டீச்சர். ஒன்றரை வருஷமாக இணையத்தில் கைத்தறிப் புடவைக் கடை. கடையின் தளத்தைப் பார்த்துக்கொள்வது பிரசன்னாவின் ஆபீஸ். முன்பெல்லாம் கடைக்குள் வருகிற நூறு பேரில் அறுபத்தைந்து பேர் ஒரே பக்கத்தோடு திரும்பிப் போனார்கள். கடந்த மூன்று வாரமாக மூன்றே பேர். டிசைனை மாற்றியதால் வந்த பலன் என்று பிரசன்னா அளந்துவிட்டிருந்தான். அதை நம்பி அம்மாள் ராஜினாமாக் கடிதம் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் வந்தார். சாயங்காலம் நாலு மணிக்குப் பள்ளியில் கொடுப்பதாக ஏற்பாடு.

ஆபீசில் அந்தத் தளத்தைக் கவனிக்கும் ஆக்னஸ் லட்டைத் தொடவில்லை. காலையில்தான் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. வருகிறவர்களை எண்ணும் நிரல் துண்டுகள் தளமெங்கும் சிதறிக் கிடந்தன. மூன்று வாரத்துக்கு முன் அவள்தான் டேக் மேனேஜர் என்ற கருவியைப் போட்டு எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தாள். பக்கத்தின் அடியில் இருந்த பழைய நிரலை எடுக்க மறந்துவிட்டாள். ஒருவர் ஒரு பக்கம் திறந்தால் பழையதும் புதியதும் ஆளுக்கொரு தடவை எண்ணின. எட்டிப் பார்த்துவிட்டு ஓடியவர்கூட இரண்டு பக்கம் பார்த்தவராகிவிட்டார்.

உடனே பிரசன்னாவிடம் போய்ச் சொன்னாள்.

"ரிப்போர்ட் சூப்பரா இருக்கு, எதுக்கு இப்ப கலாட்டா? தீபாவளி முடியட்டும், மெதுவா சரி பண்ணிக்கலாம்."

"அவங்க இன்னைக்கு வேலைய விடப் போறாங்க சார்."

"அது அவங்க முடிவு. உன்னை பெர்மனன்ட் பண்ற லெட்டர்ல திங்கக்கிழமை நான் கையெழுத்துப் போடணும். ஞாபகம் இருக்கில்ல?"

ஞாபகம் இல்லாமல் என்ன? தூத்துக்குடியிலிருந்து வந்து ஆறு மாதமாக அந்தக் கடிதத்துக்காகத்தான் உழைக்கிறாள். ஆனால் அவன் அதைச் சொன்ன விதத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. செய்த தப்பை ஒத்துக்கொள்ளக்கூட இந்த மனுஷனிடம் அனுமதி வாங்க வேண்டுமா?

மீட்டிங் அறையில் பிரசன்னா திரையில் அந்த மூன்று பேர் கணக்கைக் காட்டியதும் ஆக்னஸ் எழுந்து நின்றாள்.

"மேடம், அந்த நம்பர் தப்பு. தப்புப் பண்ணது நாந்தான்." ஒன்றுவிடாமல் சொன்னாள். "இப்பவும் அறுவத்தஞ்சு பேரு திரும்பித்தான் போறாங்க. அந்த லெட்டரக் குடுத்துராதீங்க."

கனகவல்லி பிடித்த பிடியில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். "மூணு வாரமா! என் கிளாஸ்ல ஆறாவது படிக்கிற பசங்ககூட விடைய ஒரு தடவ சரிபார்ப்பாங்கம்மா!" ஆக்னஸ் தலையைக் குனியவில்லை. வாங்க வேண்டிய திட்டு, வாங்கிக்கொண்டாள்.

"காலையிலயே சரி பண்ணச் சொன்னேன் மேடம்," என்று பிரசன்னா குழைந்தான்.

"இல்ல சார். தீபாவளி முடியட்டும்னு சொன்னீங்க."

"ஆக்னஸ், திங்கக்கிழமை..."

"போடாதீங்க சார். அந்தக் கையெழுத்த நீங்களே வச்சுக்கிடுங்க."

கனகவல்லி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பரீட்சை ஹாலில் யார் பிட் அடித்தது என்று கண்டுபிடித்துப் பழகிய கண்கள். பிரசன்னா லட்டுத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினான்.

"நக்கோ, வேணாம்," என்று தட்டைத் தள்ளிவிட்டு ஆக்னஸிடம் கேட்டார். "ஏம்மா, அந்த அறுபத்தஞ்சு பேரும் எந்தப் புடவையைப் பார்த்துட்டுத் திரும்பறாங்கன்னு சொல்ல முடியுமா?"

"முடியும் மேடம். நான் கை வைக்கிறதுக்கு முந்தின கணக்கு சுத்தமா இருக்கு."

"அப்ப அதை எடு. உக்காரு."

ஆக்னஸ் உட்கார்ந்தாள். கனகவல்லி தன் நாற்காலியை அவளருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, அதுவரை நின்றுகொண்டிருந்த முதலாளியை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க போய் வேற வேலை இருந்தா பாருங்க தம்பி. கதவைச் சாத்திட்டுப் போங்க."