பாஸ் போட்டவர் பெயர்

காலை ஆறு மணிக்கு, பூனே ஹிஞ்சேவாடியில் எங்கள் ஆபீஸின் நான்காவது மாடியில் பன்னிரண்டு பேர் பள்ளம் தாண்டிக்கொண்டிருப்போம். தாண்டுவது திரையில் இருக்கும் வீரன்; விரல் எங்களுடையது. ஒரே பாறை, ஒரே பள்ளம், முந்நூறு தடவை. நூறைக் கடக்கும்போது கட்டைவிரல் மூட்டு குத்தத் தொடங்கும். இருநூறில் கண்ணில் நீர் வழியும். துடைக்க விரலை எடுத்தால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. கோர்படி ரயில்வே காலனியிலிருந்து நாலரை மணிக்கு ஆபீஸ் காரில் ஏறி வந்து நான் செய்யும் வேலை இதுதான். "விளையாடுறதுக்குச் சம்பளமா? குடுத்துவச்சவ சியாமளா" என்கிறார்கள் அக்கம்பக்கத்தில். ஒரே ஒரு காலை வந்து விளையாடிப் பார்க்கட்டும், அப்புறம் பேசலாம்.

முன்பெல்லாம் சிடி போட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றி ஆடிய பெரிய கேம்களை, வேகம் குறையாமல் பிரவுசருக்குள்ளேயே ஓடவைப்பது எங்கள் கம்பெனியின் தொழில். ஆடுகிறவர் எதையும் இறக்கிக்கொள்ள வேண்டாம். லிங்கைத் தொட்டால் ஆட்டம் திறக்கும். கேமின் பழைய நிரலைப் பிரவுசர் ஏற்றுக்கொள்ளும் விதத்தில் புரோகிராமர் காசிம் மாற்றித் தருவான். நாங்கள் ஆடிச் சோதிப்போம். சோதித்தவர் கடைசியில் திரையில் இருக்கும் ஒரு கட்டத்துக்குள் தன் பெயரை அடித்து 'பாஸ்' போட வேண்டும். பெயர் விழாமல் எதுவும் வெளியே போகாது. "பேர் போட்டாத்தானுங்க பொறுப்பு வரும்" என்று முதலாளி சூர்யநாராயணன் போட்ட விதி அது.

எங்களில் அமல்ராஜ் ஒருவன்தான் விரிசல் விட்ட தன் பழைய போனை மேசையில் வைத்துக்கொண்டு அதிலும் ஆடிப் பார்ப்பவன். தூத்துக்குடிக்காரன், சொன்னால் கேட்கமாட்டான். ஆபீஸ் கம்ப்யூட்டரில் எதுவும் ஓடத்தான் செய்யும், ஆடுகிற ஜனங்களின் கையில் இருப்பது இந்த மாதிரிப் போன்தான் என்பது அவன் கட்சி.

போன மாதம், வாடிக்கையாளருக்குக் காட்டும்போது வேகமாகத் தெரிய வேண்டுமென்று, எல்லாக் காட்சிகளையும் தொடக்கத்திலேயே மெமரியில் ஏற்றிவிடச் சொன்னார் முதலாளி. காசிம் வேண்டாமென்றான், அவர் கேட்கவில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் கேம் பறந்தது. அமல்ராஜின் போனிலோ பாரம் தாங்காமல் ஒன்பதாவது நிமிடத்தில் பிரவுசர் பக்கத்தையே மூடிவிட்டது. அவன் 'பெயில்' போட்டான். முதலாளி அவன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். பக்கத்து நாற்காலியில் நான்.

"போன்ல எவன் சாமி அவ்வளவு நேரம் ஆடப்போறான்? அதை அழிச்சுட்டுப் பாஸ் போடுங்க. எட்டு மணிக்கு அனுப்பியாகணும்."

"ஆடிக்கிட்டிருக்கும்போதே மூடிருது சார். நாளைக்கு எம்பேருல்லா நிக்கும்."

"நான் இருக்கேன்ல கண்ணு."

அமல்ராஜ் திரும்பி என்னைப் பார்த்தான். நான் என் பள்ளத்தைத் தாண்டிக்கொண்டிருந்தேன். அவன் பாஸ் போட்டான்.

இந்தத் திங்கள்கிழமை கேம் வெளியானது. ஆயிரக்கணக்கான போன்களில் ஒன்பதாவது நிமிடம் வெறும் வெள்ளைத் திரை. மறுநாள் காலை ஏழு மணிக்கே மகர்பட்டா வீட்டிலிருந்து முதலாளி வந்துவிட்டார். வேலை வாங்க வேண்டுமானால் கண்ணு, சாமி என்று கோயம்புத்தூர்த் தமிழ் வரும். கழுத்தை அறுக்க வேண்டுமானால் இங்கிலீஷ். அன்று இங்கிலீஷ். அமல்ராஜின் மேசையில் ஒரு கடிதத்தை வைத்தார். சோதனையில் கவனக்குறைவாக இருந்தது என் தவறு, நானே விலகிக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தது. பத்து மணிக்குள் கையெழுத்து வேண்டுமாம். எந்தக் கம்பெனியில் போய் நின்றாலும் முதலில் கேட்பது பழைய கம்பெனியின் கடிதத்தைத்தான். இதில் கையெழுத்துப் போட்டால் அவனுக்கு இனி இந்தத் தொழிலே இல்லை.

"நீங்க சொல்லித்தான சார் போட்டேன்."

"நான் சொன்னேனா?" முதலாளி எங்கள் பக்கம் திரும்பினார். தமிழும் திரும்பி வந்துவிட்டது. "யாராச்சும் கேட்டீங்களாங்க?"

எல்லோரும் தங்கள் திரைப்பக்கம் குனிந்துகொண்டார்கள். நானும்தான்.

கீழே தெருவோர டீக்கடை டப்ரிக்கு எல்லோரும் போனோம். கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு அமல்ராஜ் பக்கம் திரும்பினேன்.

"நான் கேட்டேன்" என்றேன். "பக்கத்துலயே உக்காந்து ஒரு வார்த்தை விடாம கேட்டேன். அப்பவும் இப்பவும் வாயில கொழுக்கட்டைய வச்சுக்கிட்டு இருந்தேன்."

"தெரியும்க்கா" என்றான் அமல்ராஜ். "நீங்க கேட்டத நான் பாத்தேன்லா."

அதில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

"இவனை அனுப்பிட்டா அடுத்து என் தலைலதான் கட்டுவாரு" என்றான் காசிம்.

மீனு பூனேயிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழை யோசித்து யோசித்துத்தான் பேசுவாள். "அக்கா, இன்னிக்குப் பத்து மணிக்கு ரிப்பேர் பண்ண கேம் போகணும்ல? பேர் இல்லாம போகாது. நம்ம யாரும் பேர் குடுக்கலேன்னா? பஸ், நஹி ஜாயேகா. அவ்ளோதான், போகாது."

எல்லோரும் அவளையே பார்த்தோம். விதி அவர் போட்டதுதானே.

மேலே போய் வேலையை ஒழுங்காகவே செய்தோம். எல்லாக் கம்ப்யூட்டரிலும், அந்த விரிசல் போனிலும் ஆடினோம். ராத்திரியோடு ராத்திரியாகக் காசிம் அவசரத்தில் ஒட்டுப்போட்ட கேம். ஒன்பதாவது நிமிடத்துக்குப் பதில் பதினான்காவது நிமிடத்தில் மூடிக்கொண்டது, அவ்வளவுதான். கட்டத்தில் 'பெயில்' என்று அடித்து, முதல் பெயராக என் பெயரைப் போட்டேன். அதன் கீழே, 'போன மாதம் அமல்ராஜ் பெயில் போட்டதை அழித்துப் பாஸ் போடச் சொன்னவர் முதலாளி, நான் காதால் கேட்டேன்' என்றும் அடித்தேன். விரல் முந்நூறு தடவை குதித்ததைவிட வலித்தது. அடுத்து மீனு வந்தாள். ஒவ்வொருவராக வந்தார்கள். சோதனைப் பிரிவில் இல்லாத காசிமும் வந்து அடித்தான்.

பத்து மணிக்கு முதலாளி வந்தார்.

"பாஸ் எங்கீங்க?"

"போன்ல பதினாலாவது நிமிஷம் மூடிக்குது சார். பெயில்" என்றேன்.

"யாருங்க போட்டது? பேரைச் சொல்லுங்க."

"அதுலயே இருக்கு சார்."

குனிந்து படித்தார். பதின்மூன்று பெயர்களையும் படித்து, என் பெயரின் கீழே இருந்த வரியையும் படித்தார். காது சிவந்துவிட்டது.

"நாளைக்கே பதிமூணு புது ஆளைக் கொண்டாந்து உக்கார வைப்பனுங்க."

"வைங்க சார்" என்றான் காசிம். "அவங்களும் பேர் போடணும்ல?"

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே யாரிடமோ இங்கிலீஷில் பேசுவது கேட்டது. நாளைக்குப் பதின்மூன்று கடிதங்கள் வரலாம். கேட்டில் எங்கள் கார்டு வேலை செய்யாமல் போகலாம். ஐ.டி. ஊழியர் சங்கத்துக்கு மீனு போன் செய்திருக்கிறாள், சாயங்காலம் ஆள் வருவதாகச் சொன்னார்களாம். அதற்குமேல் எங்கள் கையில் ஒன்றுமில்லை. அமல்ராஜின் மேசையில் கடிதம் கையெழுத்தில்லாமல் கிடந்தது.

அவன் போனைச் சார்ஜரிலிருந்து எடுத்தான். "பதினாலுதானான்னு இன்னொருக்கா ஆடிப் பாத்துருவோமாக்கா? நம்ம பேருல்லா நிக்கி."

அன்றைக்குப் பார்த்த மாதிரியே என்னைப் பார்த்தான். என் திரையில் வீரன் பள்ளத்தின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தான். அவனை அங்கேயே விட்டுவிட்டு, நாற்காலியை அமல்ராஜ் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.