எல்லா மீனிலும் பச்சை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அன்று அது பேராசிரியரின் அறை வரைக்கும் போய்விட்டது.

ஐந்து வருடமாக நான் பார்ப்பது மீனின் விழித்திரையை. ஒளியை வாங்கும் செல்லும் அடுத்த செல்லும் தொட்டுக்கொள்ளும் இடத்தில், சவ்வில் துளையாக நின்று வழிவிடும் ஒரு புரதம் இருக்கிறது என்பது என் கட்சி. அதைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியை விடுவேன். ஒட்டிய இடம் நுண்ணோக்கியில் பச்சையாக ஒளிரும். சரியாக அந்த இடத்தில்தான் ஒளிர்ந்தது. ஆய்விதழுக்குக் கட்டுரையும் எழுதி அனுப்பியாயிற்று. இதழுக்காக அதைப் படித்துப் பார்த்தவர்கள் ஒன்றே ஒன்று கேட்டார்கள்: அந்தப் புரதமே இல்லாமல் பிறந்த மீனில் பச்சை வரக் கூடாது, காட்டுங்கள்.

காட்டப் போனேன். ஜெகஜ்ஜோதியாக வந்தது பச்சை.

மீன் மாறியிருக்க வேண்டும், வேறென்ன? ஆய்வகத்தின் மீன் தொட்டிகளைப் பார்த்துக்கொள்வது என் சொந்த அண்ணன். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான்.

"தொட்டிய மாத்திட்டியா? கண்ணு என்ன முதுகுலயா இருக்கு?"

"நான் ஏன் மாத்துறேன்? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பிவிட்டது. நேரே பேராசிரியரிடம் போய், மீன்களைக் குழப்பியது அண்ணன்தான் என்று சொல்லிவிட்டேன். அவர் அவனைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். அவனுக்குப் பள்ளியில் படிக்கிற பிள்ளைகள் இரண்டு. என்னை அவன் திட்டக்கூட இல்லை. உறைபெட்டியைத் திறந்து, சின்னச் சின்னக் குப்பிகளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான்.

"கண்ணத்தானே நீ எடுத்துக்கிட்ட? உடம்பு எங்கிட்ட இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டு வெச்சிருக்கேன். டெஸ்ட் பண்ணிப் பாரு."

ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு துணுக்கு வெட்டி மரபணுச் சோதனைக்கு வைத்தேன். சாயங்காலம் முடிவு வந்தது. ஒரு மீன்கூட மாறவில்லை. அத்தனையும் அந்தப் புரதம் இல்லாத மீன்களேதான்.

அப்படியென்றால் ஆன்டிபாடி வேறெதிலோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஐந்து வருடமும் எதையோ பார்த்துவிட்டு அதுதான் இது என்று சத்தியம் பண்ணியிருக்கிறேன். முதல் வருடமே சோதித்திருக்க வேண்டும். படம் அழகாக வந்த மிதப்பில் விட்டுவிட்டேன். முடிவுத் தாள் என் கையில் மட்டும்தான் இருந்தது. கிழித்துப் போட்டால், மீன் மாறிப் போச்சு என்று சொல்லிக் கட்டுரைக்கு அவகாசம் வாங்கலாம், அண்ணன் போவான். உண்மையைச் சொன்னால் கட்டுரை போகும், கட்டுரை வந்தால்தான் நீட்டிப்பார்கள் என்பதால் என் உதவித்தொகையும் இந்த மாதத்தோடு சரி.

கிழிக்கத் தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய். கால் மணி நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு பேராசிரியரிடம் போய் உள்ளதைச் சொன்னேன்.

திரும்பி வந்தபோது அண்ணன் தொட்டி அறையில் தன் சாமான்களைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு நீ வரணுமாம்."

"நீ?"

"இந்த மாசம் முடியிற வரைக்கும்."

பையைக் கீழே வைத்தான். "இன்னும் இருபது நாள் இருக்கே. வேற ஆன்டிபாடி போட்டுப் பாரு. எத்தனை மீன் வேணும்னு சொல்லு, எடுத்து வெக்கிறேன்."

மன்னிச்சிடுண்ணா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.