வந்த வழி

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குள் எனக்கு நானே முப்பத்தேழு மெயில் அனுப்பியிருந்தேன். முதல் மெயிலின் தலைப்பு 'சோதனை 1'. பத்தாவதில் 'சோதனை, மறுபடியும்'. இருபதைத் தாண்டியபோது வெறும் 'ஏன்?'. முப்பத்தேழாவதில் எழுதியதை இங்கே எழுத முடியாது. எல்லாம் ஒழுங்காக வந்து சேர்ந்தன. எந்த வழியாக வந்தன என்பதை மட்டும் ஒன்றுகூடச் சொல்லவில்லை.

எந்த மெயிலிலும் நாம் படிக்கிற பகுதிக்கு மேலே கண்ணுக்குத் தெரியாமல் இருபது முப்பது வரி இருக்கும். ஹெட்டர் என்போம். எந்தக் கணினியில் கிளம்பியது, எந்தெந்த சர்வர் வாங்கிக் கைமாற்றியது, எத்தனை மணிக்கு என்று போகிற இடமெல்லாம் ஒரு முத்திரை விழும். எங்கள் மருத்துவமனை மெயில்களில் மட்டும் அனுப்பியவர், பெறுபவர், தலைப்பு, தேதி என்று நாலே வரி. மீதியை ஏதோ ஒன்று வழித்துத் துடைத்திருந்தது.

முந்நூறு படுக்கை உள்ள மருத்துவமனை. அதன் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. என் மாமியார் இதை உறவுக்காரர்களிடம் "மருமக சர்வரா இருக்கா" என்று சுருக்கிச் சொல்லிவைக்க, "எந்த ஹோட்டல்ல?" என்று ஒருவர் அக்கறையாக விசாரித்தார். என் அறை சலவைப் பகுதியை ஒட்டி இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் போர்வைகள் சுழலும்போது என் மேஜைமேல் தண்ணீர் பாட்டில் தானாக ஓரத்துக்கு நகரும். நாளுக்கு நாலு முறை அதைப் பிடித்து நடுவில் வைப்பதும் என் வேலைதான்.

விஷயம் இதுதான். பத்தொன்பது நாளுக்கு முன் எல்லாத் துறைத் தலைவர்களுக்கும் ஒரு மெயில் போனது. மூன்றாம் மாடி வார்டுக்குப் போகும் குளுக்கோஸ் பாட்டில்களில் தேதி முடிந்தவை கலந்திருக்கின்றன. பழைய சீட்டின்மேல் புதுச் சீட்டு ஒட்டப்படுகிறது. பெரிய டாக்டருக்கு இது தெரியும். அவ்வளவுதான். அனுப்பியவர் இடத்தில் பார்மசி அக்காவின் முகவரி இருந்தது.

பார்மசி அக்கா இருபத்திரண்டு வருடமாக மருந்துக் கவுன்டரில் இருப்பவர். எழுதிய டாக்டரே மறுநாள் படிக்கத் திணறுகிற கையெழுத்தைத் தலைகீழாக வைத்தே படித்துவிடுவார். கணவர் போய்ச் சேர்ந்து எட்டு வருடமாகிறது. கல்லூரியில் படிக்கிற மகள் ஒருத்தி. 'நான் அனுப்பவில்லை' என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்துவிட்டு அதற்குமேல் வாய் திறக்கவில்லை. அவரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். வெளிநாடு போயிருந்த பெரிய டாக்டர் திரும்பி வந்ததும் புதன்கிழமை மூன்று மணிக்கு விசாரணை என்று முடிவாயிற்று. அப்போதுதான் என் ஞாபகம் வந்தது அவர்களுக்கு.

நிர்வாக அதிகாரிக்கு ஊழியர்கள் வைத்த பெயர் 'புரியுதா சார்'.

"எந்த கம்ப்யூட்டர்ல இருந்து போச்சுன்னு ஒரு பேப்பர்ல எடுத்துக் குடுங்க. ரெண்டு நிமிஷ வேலை. புரியுதா?"

சர்வர் தன் குறிப்பேட்டைப் பதினாலு நாள்தான் வைத்திருக்கும், ஐந்து நாளுக்கு முன் கேட்டிருந்தால் நிஜமாகவே இரண்டு நிமிட வேலை என்று சொன்னேன். "அதான் ஹெட்டர்னு ஒண்ணு இருக்காமே" என்றார். எங்கிருந்தோ தெரிந்துவைத்திருந்தார். எனக்கும் அந்த நம்பிக்கைதான் இருந்தது, திறந்து பார்க்கும்வரை.

முதலில் நான் சந்தேகப்பட்டது வைரஸ் வடிகட்டியை. வெளியாரிடம் வாங்கியது, சந்தேகப்பட வசதியானது. அவர்களுடைய உதவி எண்ணைக் கூப்பிட்டு, இருபது நிமிடம் புல்லாங்குழல் கேட்டபின் ஒரு பெண் வந்தார்.

"ரீஸ்டார்ட் பண்ணீங்களா மேடம்?"

"பண்ணியாச்சு."

"இப்ப ஒருவாட்டி பண்ணிப் பாருங்களேன், எனக்காக."

அவருக்காகவும் பண்ணினேன். பிறகு அவர் என்னை மூத்த நிபுணர் ஒருவரிடம் தள்ளிவிட்டார். முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்ட நிபுணர், "ஹெட்டர்னா மெயிலுக்கு மேல வருமே, கம்பெனி லோகோ, அதானே மேடம்?" என்றார். போனை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அப்போதும் உள்ளேயிருந்து "ஹலோ, ஹலோ" என்று கேட்டுக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை, வடிகட்டியைப் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு அனுப்பிப் பார்த்தேன். அப்போதும் நாலே வரி. வாசலில் நின்று மெயிலை முதலில் வாங்குகிற சர்வரைச் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி அனுப்பினேன். நாலே வரி. மிச்சமிருந்தது மெயில்களை அவரவர் பெட்டியில் போட்டு வைக்கிற கடைசி சர்வர் ஒன்றுதான். அதன்மேல் எனக்குத் துளி சந்தேகமும் இருந்ததில்லை. அது நான் அமைத்தது.

அதன் விதிகள் அறுநூறு வரிக்கு ஒரே கோப்பில் இருந்தன. நானூற்றுப் பன்னிரண்டாவது வரி, வந்த வழி சொல்லும் வரிகளையெல்லாம் நீக்கு என்றது. அதற்கு மேலே ஒரு குறிப்பு: 'நி.அ. சொன்னபடி. வெளியே போகும் மெயிலுக்கு மட்டும்.' ஆறு வருடத்துக்கு முந்தைய தேதி. பக்கத்தில் என் பெயரின் முதலெழுத்துகள்.

ஞாபகம் வந்தது. தணிக்கைக்கு வந்த யாரோ, நம் கணினிகளின் எண்கள் வெளியாருக்குத் தெரிகின்றன என்று கிளப்பிவிட்டார்கள். உடனே மறைக்கச் சொன்னார் புரியுதா சார். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அவசரமாகச் செய்திருக்கிறேன். குறிப்பில் 'மட்டும்' இருந்தது. விதியில் அதைப் போட மறந்திருக்கிறேன். ஆறு வருடமாக அந்த மருத்துவமனைக்குள் போய் வந்த அத்தனை மெயில்களின் முத்திரைகளையும் துடைத்துக்கொண்டிருந்தது நான்தான். இரண்டு நாளாக யாரையெல்லாம் மனசுக்குள் திட்டினேனோ, அத்தனை திட்டையும் வரிசையாகத் திரும்ப வாங்கிக்கொண்டேன். பிறகு அந்த வரியைத் திருத்தி, 'சோதனை 61' அனுப்பினேன். இருபத்தாறு வரிகளோடு லட்சணமாக வந்து நின்றது. பழைய மெயிலுக்கு அது எந்த விதத்திலும் உதவாது.

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே கணவரிடம் சொன்னேன். அவர் சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார்.

"அப்ப இது யாருக்கும் தெரியாதுல்ல?"

"எனக்குத் தெரியும்ல."

"நான் ஒண்ணும் சொல்லல தாயே" என்று என் கையிலிருந்த போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

புதன்கிழமை காலை புரியுதா சாரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை.

"ஹெட்டர் இல்லன்னா போகட்டும். 'இந்த மெயில் இன்னாருடைய முகவரியில இருந்து வந்தது'ன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அது பொய் இல்லையே?"

"பொய் இல்ல சார். ஆனா..."

"அந்த விதிய வெச்சது யாருன்னு நானும் கேக்கல, நீங்களும் சொல்ல வேண்டாம். புரியுதா?"

அன்றைக்குத்தான் முதன்முதலாக அவர் சொன்னது எனக்கு முழுசாகப் புரிந்தது.

விசாரணை அறையில் ஐந்து பேர், ஐந்து தண்ணீர் பாட்டில். பார்மசி அக்கா ஓரத்து நாற்காலியில் கைப்பையை மடியில் நிறுத்திவைத்து, பேருந்துக்குக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். என் முறை வந்ததும் ஒரு நிமிடம் கேட்டு வாங்கி மடிக்கணினியைத் திறந்தேன். எங்கள் கட்டடத்துக்குள் இருக்கிற எந்தக் கணினியிலிருந்தும் கடவுச்சொல் இல்லாமல் மெயில் அனுப்பலாம். பழைய ஸ்கேன் இயந்திரங்களுக்குக் கடவுச்சொல் சொல்லத் தெரியாது என்பதால் திறந்துவைத்த கதவு அது. அனுப்புபவர் பெயர் என்ற இடத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். எழுதினேன். மேஜைமேலிருந்த ஐந்து போன்களும் ஒன்றன்பின் ஒன்றாக அதிர்ந்தன.

பெரிய டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கவே படித்தார். "'நடந்த தவறுகள் அனைத்துக்கும் நானே பொறுப்பு. இன்றே ராஜினாமா செய்கிறேன்.' அனுப்புநர், நிர்வாக அதிகாரி."

புரியுதா சார் பாதி எழுந்துவிட்டார். "நான் அனுப்பலயே!"

"தெரியும் சார்" என்றேன். "அதத்தான் அக்காவும் சொல்றாங்க."

நிறுத்தினால் மீதியைச் சொல்லமாட்டேன் என்று தெரிந்ததால் நிறுத்தாமல் சொன்னேன். யார் அனுப்பியது என்று காட்டியிருக்கக்கூடிய வரிகளை அழித்தது ஒரு விதி. அந்த விதியைத் தப்பாக எழுதியது நான். அக்கா அனுப்பினார் என்றோ அனுப்பவில்லை என்றோ இனி யாராலும் நிரூபிக்க முடியாது. யாரோ பாட்டில் மூடியைத் திருகினார்கள். பெரிய டாக்டர் என்னை முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

அக்காவின் பணியிடை நீக்கம் ரத்தாயிற்று. எனக்கு ஒரு மெமோ. மொத்தம் பன்னிரண்டு நிமிடம். அடுத்து வாகன நிறுத்துமிடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

வெளியே நடைபாதையில் அக்கா நின்றிருந்தார்.

"மெமோவா?"

"ஆமாக்கா."

"என்னாலயா?"

"இல்லக்கா. என் தப்புக்கு."

தலையை ஆட்டினார். நான் ஒரு நன்றியை எதிர்பார்த்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அதைவிட, நான் அனுப்பவில்லை என்று இன்னொரு தடவை அவர் வாயால் சொல்ல வேண்டும் என்றிருந்தது. அதைச் சொல்லக்கூடிய ஒரே இடத்தை நான்தான் அழித்திருந்தேன். இனி அவர் வாய்தான் மிச்சம்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க, அந்த மெயில..."

"இருபது நாளா எல்லாரும் யாரு அனுப்பினதுன்னே தேடுறீங்க" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. "உங்கள்ல ஒருத்தராவது மாடி ஏறிப் பாத்தீங்களா?"

கைப்பையிலிருந்து வெள்ளைக் கோட்டை எடுத்து உதறி, நடந்துகொண்டே மாட்டிக்கொண்டு கவுன்டர் பக்கம் போனார். அங்கே ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் சீட்டும் கையுமாக நின்றிருந்தார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. முதலில் அவர்மேல்தான் எரிச்சல். இவருக்காகப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டால் பதிலுக்கு எனக்கே கேள்வி. பிறகு, படிக்கட்டில் கால் வைத்த பிறகு, அந்த எரிச்சல் எங்கே போய் நிற்க வேண்டும் என்று தெரியாமல் என்னோடேயே ஏறி வந்தது. அந்த மெயிலை நான் அறுபது முறையாவது திறந்திருப்பேன். ஒவ்வொரு முறையும் அதன் மேலே இல்லாத வரிகளைத்தான் பார்த்தேன். உள்ளே இருந்ததை ஒரே ஒரு முறை படித்தேன், எழுத்துகள் சரியாகத் தெரிகின்றனவா என்று பார்ப்பதற்காக.

மூன்றாம் மாடியில் மதியத்தின் மந்தம். செவிலியர் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிற என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுத் திரும்ப எழுதினார். ஜன்னலோரப் படுக்கையில் ஒரு பெண்மணி வாய் லேசாகத் திறந்திருக்கத் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்து ஸ்டூலில் அவருடைய கணவர்.

"டிவி பாக்க வந்தீங்களாம்மா? ரெண்டு நாளா சேனலே மாற மாட்டேங்குது."

"இல்லங்க. சும்மா" என்றேன்.

கம்பியில் தொங்கிய பாட்டில் பாதி காலியாகியிருந்தது. நான் நுனிக்காலில் எக்கி, பாட்டில் ஆடிவிடாமல் ஒரு கையால் தாங்கிக்கொண்டு, தேதிச் சீட்டின் கீழ் மூலையில் கட்டைவிரல் நகத்தை வைத்தேன். கணவர் ஸ்டூலிலிருந்து எழுந்து என் பக்கத்தில் வந்து நின்று, நான் பார்ப்பதையே பார்த்தார். மூலை மெல்ல எழுந்து வந்தது. குழாய்க்குள் ஒரு சொட்டு விழுந்தது, அடுத்தது திரண்டுகொண்டிருந்தது.