உப்புப் பார்க்க ஒரு நாக்கு

சட்னியில் உப்புப் போட்டோமா இல்லையா என்பது குமுதவல்லிக்கு நினைவில்லை.

மதியம் வீட்டில் தேங்காயை அரைத்து வாளியில் வழிக்கும் நேரத்தில்தான் தம்பின் ஊரில் வாழ்க்கைப்பட்ட மகள் போன் செய்தாள். ஏழாம் மாதம், கால் வீங்கியிருக்கிறதாம். ஒரு கையில் போன், மறு கையில் உப்பு டப்பா. பேசி முடித்துப் பார்த்தபோது டப்பாவின் மூடி திறந்திருந்தது, கரண்டி உள்ளே கிடந்தது. போட்டுவிட்டு வைத்த கரண்டியா, போடப்போன கரண்டியா? விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். ஈரமாக இருந்தது. தேங்காய்த் துருவலின் நொய் தெரிந்தது. சற்றுக் கழித்துப் பச்சை மிளகாய் சுருக்கென்று சுட்டது. அவ்வளவுதான். அவள் நாக்கில் மிச்சமிருந்தது காரம் சுடுவது ஒன்றுதான்.

இப்போது மணி ஐந்தேகால். லாபுவில் புதன்கிழமைதோறும் கூடும் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தைக்குச் சாலையின் இரு பக்கமும் கூடாரங்கள் எழும்பிவிட்டன. ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கின. சாத்தே குச்சிகளிலிருந்து கொழுப்பு கரியில் சொட்டி வெண்புகை எழுந்தது. கடந்து போகிறவர்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார்கள். குமுதவல்லிக்குப் புகையில் கண் மட்டும் எரிந்தது.

தன் வடைக் கடைக்கு வந்ததும் அவள் முதலில் செய்வது, நாக்கில் ருசி திரும்பியதா என்று ஒரு சோதனை. வாரத்துக்கு ஒரு பண்டம் வாங்கி, யாரும் பார்க்காதபோது வாயில் போட்டுப் பார்ப்பாள். ஒரு வாரம் சாத்தே. ஒரு வாரம் புளிக்கரைசல் ஊற்றிய லக்சா. போன வாரம் செண்டோல். குளிர்ச்சி தெரிந்தது, வெல்லம் தெரியவில்லை. இந்த வாரம் பக்கத்துக் கடையில் சுடச்சுட ஆப்பம் பாலேக் வாங்கினாள். வேர்க்கடலைப் பொடியும் சீனியும் தூவி இரண்டாக மடித்தது. ருசி பார்க்க வரும் ஆச்சி போன பிறகு தின்னலாம் என்று காகிதத்தோடு ஸ்டூல்மேல் வைத்தாள். இன்றைக்கு இன்னொரு தோல்வி வேண்டாம்.

ஆறு மணிக்கு ராசாவிலிருந்து சீதாலெட்சுமி ஆச்சி வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். சிரம்பானில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பம். மூன்று வாரம் முன்பு இந்தப் பக்கம் காரில் போனவர் இறங்கி நான்கு வடை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, மறுபடி இறங்கி வந்து எட்டு வாங்கினார். மகள் நிச்சயத்துக்கு ஐந்நூறு பேருக்கு வடையும் சட்னியும் வேண்டும், இன்னொரு தடவை வந்து ருசி பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். "சரியா இருந்தா மாசாமாசம் கோயில் கார்த்திகப் பூசைக்கும் ஒங்கிட்டயே சொல்லிடறேன்." அன்று மகள் தம்பினிலிருந்து வந்து கடையில் நின்றிருந்தாள். உப்புப் பார்த்தது அவள்.

மாதாமாதம் வரும் வேலை ஒன்று இருந்தால் எஸ்டேட் கங்காணியான மண்டோரிடம் போய்ச் செம்பனை உதிரிப் பழம் பொறுக்கவாவது விடுங்கள் என்று நிற்க வேண்டியதில்லை. குமுதவல்லி வடையைத் தட்டி எண்ணெயில் விட்டாள். சத்தத்தைக் காதால் வாங்கிக்கொண்டாள். சலசலப்பு அடங்கி மெல்லிய கொதிப்பாக மாறும்போது திருப்ப வேண்டும். அதில் அவள் தவறுவதில்லை. கண்ணும் காதும் செய்யக்கூடிய எல்லாம் அவளுக்குக் கைவந்திருந்தது.

மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு ரதி வந்தாள். குளித்துத் தலை வாரியிருந்தாலும் நகக்கண்களில் மருந்தின் நீலம் போகவில்லை. செம்பனைக் காட்டில் களைக்கு மருந்தடிக்கும் கூட்டத்தில் இன்னும் இருக்கிறாள்; குமுதவல்லியோடு வேலை செய்தவள், பத்து வயது இளையவள்.

"அக்கா, மழ வரும்போல இருக்குலா. கூடாரத்த இழுத்துக் கட்டவா?"

"அது கெடக்கட்டும். மொதல்ல உப்புப் பாரு. ஆச்சி வர்ற நேரம்."

"வந்ததும் வராததுமா வேலையா? பசியாறிட்டியான்னு ஒரு வார்த்த கேக்கல." சிரித்துக்கொண்டே ரதி கரண்டி நுனியில் சட்னியை எடுத்து நாக்கில் வைத்தாள். கூடாரத்தின் உச்சியைப் பார்த்தாள். உதட்டை நக்கினாள்.

குமுதவல்லி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உப்பே போடலயா, இல்ல கொறச்சலா?"

"கொஞ்சம் போடலாங்க்கா."

"கொஞ்சம்னா?"

"ஒரு... ஒரு கரண்டி."

குமுதவல்லி நிறைய ஒரு கரண்டி போட்டுக் கலக்கினாள். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

ஆச்சி சொன்ன நேரத்துக்கு வந்தார். கூடவே கல்யாணப் பெண் ஷ்வேதா, போனும் கையுமாக. சூடான வடையைப் பிய்த்துச் சட்னியில் தோய்த்து ஆளுக்கொரு வாய் போட்டார்கள். ஷ்வேதா உடனே கைக்குட்டையை வாய்க்குக் கொண்டுபோனாள்.

"ஐயோ அம்மா! உப்புக்கட்டி!"

ஆச்சி விழுங்கினார். பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்து இரண்டு மடக்குக் குடித்தார்.

"வடை நல்லாப் பொரிஞ்சிருக்கும்மா. சட்னிதான்... நீ வாயில வச்சுப் பாத்தியா?"

"பாத்தேன் ஆச்சி."

"பாத்துமா இப்படி?"

குமுதவல்லி ரதியைப் பார்த்தாள். ரதி கூடாரக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அடுத்த வாரம் வேணும்னா செஞ்சு வீட்டுக்கே கொண்டாந்து குடுக்கறேன் ஆச்சி. இன்னிக்கிக் கை தவறிப் போச்சு."

"பாப்போம். நான் போன் பண்றேன்." ஆச்சி இரண்டு வடைக்கும் காசை வைத்துவிட்டுப் போனார். போன் செய்வதாகச் சொன்னவர் நம்பர் கேட்கவில்லை.

கார் கண்ணுக்கு மறையும்வரை குமுதவல்லி நின்றாள். சட்டியில் வடைகள் கருகத் தொடங்கின. அடுப்பை அணைத்தாள்.

"ஒரு கரண்டின்னு சொன்னியேடி."

ரதி கயிற்றை இன்னும் இறுக்கினாள்.

"நாலஞ்சு மாசமாவே வாடிக்க கொறஞ்சுக்கிட்டு வருது. எதுத்தாப்புல ரொட்டிக் கட வந்ததாலன்னு நெனச்சிட்டிருந்தேன். இப்பதானே தெரியுது." குரல் ஏறியது. "நான் மருந்துப் பம்ப எறக்கி வச்சிட்டு வெளிய வந்துட்டேன். நீ இன்னும் தூக்கிக்கிட்டுக் கெடக்குற. அதானே ஒன் வயித்தெரிச்சல்?"

சொன்ன மறுகணமே அந்த வார்த்தை தன் வாயிலிருந்து வந்ததா என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. ரதியின் கை கயிற்றில் அப்படியே நின்றது.

பக்கத்தில் ஊறுகாய்ப் பழக் கடை போட்டிருந்த மலாய்க்கார அம்மாள், எல்லாரும் காக் யா என்று கூப்பிடுகிறவர், எட்டிப் பார்த்தார். தமிழ் புரியாவிட்டாலும் சண்டை புரிந்தது. தம் கடை முன் நின்றிருந்த பள்ளிக்கூடப் பெண்ணுக்குப் பல்குச்சியில் ஒரு மாங்காய்த் துண்டைக் கொடுத்தார். அதே ஜாடியிலிருந்து இன்னொன்றைக் குத்தி ரதியிடம் நீட்டினார்.

"சுடாலா, ஜாங்ஙான் மாரா. ராசா டூலு." கோபம் வேண்டாம், முதலில் இதை ருசி பார் என்று சிரித்தார்.

மறுக்க முடியாமல் ரதி வாங்கி வாயில் போட்டாள். பள்ளிக்கூடப் பெண்ணும் போட்டாள். அந்தப் பெண்ணின் தோள் காதுவரை ஏறியது. கண் இறுக மூடி, உதடு குவிந்து, உடம்பே ஒருமுறை குலுங்கியது. ரதி அமைதியாக மென்றுகொண்டிருந்தாள். அவளுடைய கண் மெல்லப் பக்கத்துக்குப் போனது. பெண்ணின் முகத்தைப் பார்த்தது. அதற்குப் பிறகுதான் ரதியின் கண் சுருங்கியது, உதடு குவிந்தது.

"அப்பா! என்னா புளிப்பு!"

காக் யா கைதட்டிச் சிரித்தார்.

குமுதவல்லி கரண்டியைக் கீழே வைத்தாள். அந்தப் பக்கவாட்டுப் பார்வையை அவளுக்குத் தெரியும். கல்யாணப் பந்திகளில் குமுதவல்லியும் பாயசம் வாயில் வைத்ததும் பக்கத்து இலைக்காரியின் முகத்தைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பாள். அவள் தலையாட்டினால் இவளும் ஆட்டுவாள். முகம் சுளித்தால் இவளும் சுளிப்பாள். இரண்டு வருடமாக அப்படித்தான் சாப்பிடுகிறாள். அந்தக் கண்ணைக் கண்ணாடியில் பார்த்ததில்லை. இப்போது ரதியின் முகத்தில் பார்த்தாள்.

ரதியின் கையைப் பிடித்துக் கூடாரத்தின் பின்பக்கம் கூட்டிப்போனாள். கவிழ்த்துப் போட்ட வாளிகளில் உட்கார்ந்தார்கள்.

"எப்பலேருந்து?"

"எது?"

"ரதி."

ரதி நகத்தைச் சுரண்டினாள். "சித்திர மாசத்திலேருந்து. மொதல்ல சோப்பு வாசம் போச்சு. அப்புறம் தேத்தண்ணி சுடுதண்ணி மாதிரி ஆச்சு. ஒங்களுக்கு வந்த மாதிரியேதாங்க்கா."

"கிளினிக் டிரஸ்ஸர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"நீங்க சொன்னீங்களே. என்னா ஆச்சு?"

குமுதவல்லி சொல்லித்தான் பார்த்தாள். பத்தொன்பது வருடம் முதுகில் பம்பு கட்டியவள், சோற்றில் ருசி தெரியவில்லை என்று எஸ்டேட் கிளினிக்கில் போய்ச் சொன்னாள். டிரஸ்ஸர் வயதைக் கேட்டார். நாற்பத்தாறு என்றதும், பெண்களுக்கு இந்த வயதில் எல்லாம் மாறும் என்று சத்து மாத்திரை கொடுத்தார். அடுத்த மாதம் காலையில் ஆட்களை நிறுத்திக் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கூப்பிட்டபோது அவள் பேர் வரவில்லை. நோயாளியை வைத்து மருந்தடிக்க முடியாதாம். புருஷன் நல்லசாமி பழம் வெட்டும் வேலையில் இருந்ததால் எஸ்டேட் வீடு மிஞ்சியது. சாப்பாட்டைப் பற்றி எது கேட்டாலும் "ம்" என்று ஒரே பதில் சொல்லும் மனுஷன். மகள் கல்யாணமாகிப் போனதும் உப்புப் பார்க்க ரதியைப் பிடித்தாள். கூட வேலை செய்தவள், தன் விஷயம் அறிந்தவள். அவளும் அதே மருந்தைத்தான் அடிக்கிறாள் என்பது ஒருநாளும் உறைக்கவில்லை.

"எங்க வீட்டுக்காரரு சிங்கப்பூர் போயி மூணு வருசம் ஆச்சு. போனே எடுக்கறதில்ல," ரதி சொன்னாள். "எஸ்டேட்டு வீடு என் பேர்ல இருக்குக்கா. பேரு வெட்டுனாங்கன்னா புள்ளைங்கள எங்க வச்சிக்கிறது?"

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"சொன்னா வேற ஆளப் பாத்துக்குவீங்க." ரதி மறுபடி நகத்தைச் சுரண்டினாள். "புதன்கெழம இங்க வந்து நிக்கிறேன் பாருங்க, அந்த ஒரு நாளுதாங்க்கா... ஒங்க மூஞ்சியப் பாத்தே சொல்லுவேன். நீங்க பயந்தாப்புல கேட்டா போடுங்கம்பேன். தகிரியமாக் கேட்டா போதும்பேன். பாதி நாளு சரியா வந்துச்சு."

குமுதவல்லிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண் நிறைந்தது. தான் அவள் முகத்தைப் பார்க்க, அவள் தன் முகத்தைப் பார்க்க, இத்தனை மாதம் இருவருக்கும் நடுவில் அந்தச் சட்னி வாளி இருந்திருக்கிறது. ரதியின் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"வயித்தெரிச்சல்னு சொல்லிட்டேனேடி."

"விடுங்கக்கா."

"குமுதா! கடயில யாரு?" முன்பக்கமிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது.

மண்டோர் ஆறுமுகம். மோட்டாரை விட்டு இறங்காமலே ஒரு வடையை எடுத்துச் சட்னி வாளியில் தோய்த்து வாயில் போட்டிருந்தார். இருவரும் ஓடி வருவதற்குள் அவர் முகம் சுருங்கிவிட்டது. யாரையும் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையிருக்கவில்லை.

"அலாமாக்! என்னா குமுதா, போர்ட்டிக்சன் கடல்ல மொண்டு அரச்சியா?" சாலையோரம் துப்பினார். "நல்ல நாக்கா ஒண்ணப் புடிச்சு ருசி பாக்கச் சொல்றதுதானே?"

"கை தவறிருச்சு மண்டோர். அதத் தொடாதீங்க."

"ரதி, ஒன்னத் தேடித்தான் வந்தேன். நாளைக்கிப் பெரட்டுக்கு அஞ்சரைக்கே வந்துரு. நீலாவதின்னு புது ஆளு வருது. சின்னப் பொண்ணு, பத்தொம்போது வயசு. பம்பு எப்பிடிக் கட்டுறது, மருந்து எப்பிடிக் கலக்குறதுன்னு நீதான் காட்டணும்."

"மூக்குக்குப் போடுற மாஸ்க் வந்துருச்சா மண்டோர்?"

"வரும்லா. அதுவரைக்கும் துண்டக் கட்டிக்கச் சொல்லு." அவர் மோட்டாரை உதைத்துக் கிளப்பினார். "நீங்கள்லாம் இத்தன வருசம் அடிக்கல? ஒங்களுக்கு என்னா ஆயிருச்சு?"

ரதி வாயைத் திறந்தாள். குமுதவல்லி அவள் முகத்தையே பார்த்தாள்.

"சரி மண்டோர்," என்றாள் ரதி.

மோட்டார் கூட்டத்துக்குள் நுழைந்து மறைந்தது. பெரிய துளிகளாக மழை கூடாரத்தில் விழத் தொடங்கியது. சட்னி வாளியைக் குமுதவல்லி இரண்டு கையாலும் தூக்கிச் சாலையோரச் சாக்கடைக் காணில் கவிழ்த்தாள். வெள்ளையாக ஓடி, மழைத் தண்ணீரில் கலந்து, காணாமல் போனது.

ஸ்டூல்மேல் ஆப்பம் பாலேக் ஆறிக் கிடந்தது. காகிதத்தைப் பிரித்து இரண்டாகப் பிய்த்தாள். பெரிய பாதியை ரதியிடம் கொடுத்தாள். நகக்கண்கள் நீலமாக இருந்த விரல்கள் அதை வாங்கின.

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து மென்றார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கரையாத சீனி பல்லிடுக்கில் நறநறவென்று உடைந்தது. ரதி மெல்லுவதை ஒரு கணம் நிறுத்தினாள். பிறகு அந்தச் சத்தம் கேட்கிற மாதிரி, மெதுவாக, மறுபடி மெல்லத் தொடங்கினாள்.