வெட்டிப் பேச்சு

நடுவீட்டில் கிடத்தியிருந்த கணவன் மோகன்குமாரின் நெற்றியில் ஜோதிமணி திருநீறு பூசிக்கொண்டிருந்தாள். விருதுநகரிலிருந்து வந்திறங்கிய கொழுந்தன் பாஸ்கரன், அண்ணன் காலைப் பிடித்தபடி அதையே மறுபடி கேட்டான்.

"நெஞ்சு வலிக்குன்னு ஒரு வார்த்தை சொல்லலையா மதினி?"

"சொல்லல தம்பி."

"மறைச்சிருப்பாரு. போன வருசம் காய்ச்சலை மறைச்சுட்டு ஷிப்டுக்குப் போன ஆளுதான?"

அதுதான் அவளையும் அரித்துக்கொண்டிருந்தது. ராயக்கோட்டையிலிருந்து ஓசூர் போகும் கம்பெனி பஸ்ஸை நேற்றுக் காலை சானமாவு காட்டில் யானைக் கூட்டம் நிறுத்திவிட்டது. பிறகு கம்பெனி வாசலில் எல்லோரும் இறங்கினார்கள், இவர் இறங்கவில்லை. ஷிப்ட் பஸ்ஸில் கண்மூடியிருப்பவரை யாரும் தொட மாட்டார்கள், அது அங்கே ஒரு மரியாதை. அந்த மரியாதையால்தான் உயிர் போனது ஒருவருக்கும் தெரியவில்லை. நின்ற பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டு வலியைத் தாங்கினாரோ? அவளைக்கூட அழைக்காமல்? இது தெரியாமல் அவரை அனுப்பிவைக்க மனம் வரவில்லை.

பஸ்ஸிலிருந்து அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் போனில் இருந்தது. நேற்று மிக்ஸி சத்தத்தில் அரைகுறையாகக் கேட்டது. அதன்பிறகு தொடவே பயம்.

அவளும் அவரும் ஆன்லைனில் ஒரு துப்பறியும் விளையாட்டு ஆடுவார்கள். தினம் ஒரு கொலை. கதையையும் வாக்குமூலங்களையும் கம்ப்யூட்டரே கட்டிவிடும். தோற்றுத் தோற்று, கடைசியில் ஜோதிமணிதான் அதன் குட்டை உடைத்தாள்.

"தப்பு பண்ணாதவங்க வாயில டீ ஆறிப்போச்சு, நாய் குரைச்சுதுன்னு எதையாவது வெட்டியா சேர்த்துடுதுங்க. கொலைகாரன் மட்டும் தேவையானதைத்தான் பேசறான்."

அவர் வாயைப் பிளந்துவிட்டார். மறுநாள் பஸ் முழுக்கப் பெண்டாட்டி பெருமைதான்.

காய்ச்சலை மறைத்த வாரம் அவரும் போனில் அப்படித்தான், தேவையானதை மட்டும் பேசினார். நல்லாருக்கேன், சாப்பிட்டேன், வைக்கறேன். அவ்வளவே.

ஜோதிமணி போனை எடுத்து, பாஸ்கரனுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தாள்.

"ஜோதி, சானமாவுல பஸ்ஸை நிறுத்திட்டாங்க, யானையாம். பக்கத்து சீட்டுல நம்ம சுபாஷ் புதுச் சட்டை போட்டிருக்கான், விலைச்சீட்டைக் கிழிக்கவே இல்ல. சொல்லலாமா வேணாமான்னு பாக்கறேன். டிரைவர் கன்னடத்துல யானையைக் கெஞ்சறாரு. இரு இரு, வருது. குட்டி ஒண்ணு இருக்கு ஜோதி, நடுவுல விட்டுக் கூட்டிட்டுப் போகுதுங்க. எம்மாம் பெரிய உடம்பு, ஒரு சத்தமில்ல பாரு."

வலியைப் பொத்திவைத்தவருக்கு விலைச்சீட்டு கண்ணில் படுமா? மனிதர் எதையும் மறைக்கவில்லை. மலைத்துப்போய் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"குரல்ல சிரிக்காரு மதினி," என்றான் பாஸ்கரன்.

பேச்சு நின்ற பிறகும் மெசேஜ் ஓடிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் யாரும் மூச்சுவிடவில்லை போலிருந்தது. வாசலில் பாடை கட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள், அழுதுகொண்டிருந்த பெண்களும் அடங்கினார்கள். யானைகள் கடந்து முடிக்கும்வரை வீட்டில் ஒருவரும் அசையவில்லை.