நான்காவது சேனல்

அக்காவுக்கு,

போனில் நான்கு முறை சொல்ல வந்தேன். நான்கு முறையும் "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன். வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும்; பொறுத்துக்கொள்.

மாடி வீட்டுக்காரர் சண்டைக்கு வந்த பிறகு நான் எலக்ட்ரானிக் டிரம்ஸுக்கு மாறியது உனக்குத் தெரியும். ரப்பர் தட்டுகள். இசையெல்லாம் ஹெட்போனுக்குள், மற்றவர்களுக்கு டொக் டொக் மட்டும். "ஊர்ல அவனவன் கிளி வளக்கறான், நான் மரங்கொத்தி வளக்கறேன்" என்பார் அப்பா. பக்கவாதம் வந்து பேச்சு நின்றதும் அந்தக் கேலியும் நின்றது.

பேச்சுக்குப் பதில் கரண்டி. கட்டில் கம்பியில் ஒரு தட்டு என்றால் தண்ணீர், இரண்டு என்றால் ஒண்ணுக்கு, மூன்று என்றால் உடனே வா. நான் எழுதி ஒட்டியதைப் பார்த்து, "ரெண்டு தட்டினா ஒண்ணுக்காடா?" என்று சிரித்தாய். அப்பாவுக்கும் பாதி வாயில் சிரிப்பு வந்தது.

ஹெட்போன் போட்டால் கரண்டி கேட்காதே என்று பல சத்தங்களைக் கலந்து ஒரே ஹெட்போனுக்குத் தரும் சின்ன மிக்ஸர் ஒன்று வாங்கினேன். முதல் இரண்டு சேனலில் டிரம்ஸ், மூன்றில் செல்போன் பாட்டு, நான்கில் அப்பாவின் தலைமாட்டில் வைத்த மைக். ஒவ்வொன்றின் கீழும் காகித டேப்பில் பெயர் எழுதினேன். நான்காவதில் 'அப்பா'. அவர் இருமினால்கூடக் கேட்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு மூன்று எண்ணிக்கைப் பாட்டு ஒன்றைப் பழகிக்கொண்டிருந்தேன். ஒன்று இரண்டு மூன்று, ஒன்று இரண்டு மூன்று. நடுவில் கரண்டிச் சத்தம். மூன்று தட்டு. கொஞ்சம் விட்டு மறுபடி மூன்று. என் தட்டோடு ஒட்டி விழுந்தது.

அப்பா கூட வாசிக்கிறார் என்று நினைத்தேன்.

ஆறு மாதத்தில் அவர் செய்த முதல் கேலி என்று பட்டது, அக்கா. மூன்றாவது சேனலின் சத்தத்தை இறக்கிவிட்டு நான்காவதை ஏற்றினேன். அவர் மெதுவானபோது நானும் மெதுவாக்கினேன். "விடாதீங்கப்பா, நல்லா வருது" என்று உரக்கச் சொன்னேன். அந்த அறைக்குக் கேட்டிருக்கும். கடைசியில் இரண்டு தட்டோடு நின்றது. களைத்துவிட்டார் என்று, இன்னும் ஒரு சுற்று வாசித்து முடித்துவிட்டே எழுந்தேன்.

கரண்டி தரையில் கிடந்தது.

"தூக்கத்துலயே போயிட்டாரு, கொடுத்து வச்சவரு" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாய். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். உடனே போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்.

இனி அப்படிச் சொல்லாதே. அவர் விழித்திருந்தார். என்னைக் கூப்பிட்டார்.

உன் மகள் பாட்டுப் பழக மிக்ஸரைக் கேட்டாய். துடைத்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன். நான்காவது டேப்பை மட்டும் உரிக்க முடியவில்லை. இதைப் படித்த பிறகும் வேண்டுமென்றால் சொல், அனுப்புகிறேன்.

தம்பி